வாசலிலிருந்து வாசல் வரை: திருத்துறைப்பூண்டி – திருச்சி – சிங்கப்பூர்

செவ்வாய், நாகப்பட்டினம்

சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று எங்கள் பக்கத்தில் கேட்டால் யாரும் கிலோமீட்டரில் பதில் சொல்ல மாட்டார்கள். "திருச்சியில ஏறுனா நாலு மணி நேரம்" என்பார்கள். திருவாரூர், மன்னார்குடி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை எங்கே கேட்டாலும் இதே பதில்தான். வீட்டுக்கு ஒருவர் சபுராளியாக, அதாவது வெளிநாட்டில் சம்பாதிப்பவராக, இருக்கிற ஊர்கள் இவை. கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்றே சொல்வார்கள். அந்த நாலு மணி நேரம் சரியான கணக்குதான். ஆனால் திருச்சியில் ஏறுவதற்கு முன்னால் இருக்கிற நேரத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. வியாழக்கிழமை பெரியப்பாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் போகிறேன். அங்கே இருக்கிற தம்பிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பெரியப்பாவுக்கு முதல் பேரப்பிள்ளை, விமானத்தில் ஏறுவதும் இதுதான் முதல் தடவை. வழி நெடுக நேரத்தையும் தூரத்தையும் குறித்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் எழுதுவதாக இருக்கிறேன்.

திருச்சிக்குக் கிளம்புவதற்கு முன் நாகப்பட்டினம் போக வேண்டும் என்று பெரியப்பா பிடிவாதமாக இருந்தார். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, கப்பல் ஏறிய இடம் அது. எங்கள் ஊரிலிருந்து நாகை ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். காலை பஸ் பிடித்து, பத்து மணிக்கெல்லாம் கடுவையாற்று முகத்துவாரத்தில் நின்றோம்.

தாத்தா போனது 'ரஜூலா' என்ற கப்பலில். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல் அது. 1926-ல் கட்டியது, 1973 வரை ஓடியது. சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூர் போகும். இங்கே கரையில் ஆழம் போதாது. கப்பல் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சனங்கள் படகில் போய் ஏற வேண்டும். அதன் பிறகு 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் பயணமே முடிந்துபோனது.

"எங்கப்பா போய்ச் சேர ஏழு நாள் ஆச்சுன்னு சொல்வாரு. ஆனா வீட்டுலேர்ந்து கப்பலுக்கு அரை நாளு போதும். மாட்டு வண்டி கட்டுனா பொழுது சாயறதுக்குள்ள நாகப்பட்டினம்" என்றார் பெரியப்பா.

இந்த வார்த்தை எனக்குள் நின்றுவிட்டது. அன்றைக்குக் கடல் நீளம், சாலை குட்டை. டெல்டாவின் வாசல் டெல்டாவுக்குள்ளேயே, கிழக்குக் கரையிலேயே இருந்தது. மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் போன துறைமுகமும் இதுதான். அந்தக் கண்ணீரை மறந்துவிட்டு நாகையின் பழம்பெருமை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் பெருமையும் உண்மைதான். சுமத்திராவிலிருந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பியதையும், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததையும் செப்பேடு சொல்கிறது. அடுத்த தலைமுறையில், 1025 வாக்கில், ராஜேந்திரனின் படை அதே ஸ்ரீவிசயத்தின் மேல் கப்பலேறிப் போனது. ஆயிரம் வருஷமாக இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒன்றையொன்று அறிந்தவை.

இப்போது இதே துறைமுகத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் போகிறது. 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடியது. தூரம் சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கி.மீ. பிடிக்கிற நேரம் ஏறத்தாழ நாலு மணி. நாளை மறுநாள் நாங்கள் பறக்கப்போவதும் அதே நாலு மணிதான், ஆனால் போகிற தூரம் அதைப்போல இருபத்தேழு மடங்கு. பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "அப்ப அந்த ஏரோப்ளேன் நாகப்பட்டினத்துலேர்ந்தே கெளம்பக் கூடாதாப்பா?" என்று கேட்டார்.

புதன், ஊரில்

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இன்றைய பொழுது போனது.

வீட்டில் அண்ணன் மகளுடைய பூமி உருண்டை இருக்கிறது. திருச்சி இருக்கிற இடத்தில் நூலின் ஒரு முனையை வைத்து, சிங்கப்பூரில் மறு முனையை வைத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்த நூல்தான் இரண்டு ஊருக்கும் நடுவே மிகக் குறுகிய வழி. விமான தூரம் என்று சொல்வதும் இதைத்தான். கணக்குப் போட வேண்டுமானால் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தால் போதும். திருச்சி வடக்கே 10.77 டிகிரி, கிழக்கே 78.71 டிகிரி. சாங்கி வடக்கே 1.36, கிழக்கே 103.99. போட்டுப் பார்த்தால் சுமார் 2,980 கி.மீ. வருகிறது. விமானிகள் கணக்கில் 1,610 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.).

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,920 கி.மீ. ஆக, திருச்சியில் ஏறினாலும் சென்னையில் ஏறினாலும் வானத்தில் 60 கி.மீ. தான் வித்தியாசம். ஆனால் எங்கள் ஊரிலிருந்து சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். திருச்சியில் நேரடி விமானம் இல்லாத காலத்தில் ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போய், மீனம்பாக்கத்தில் காத்துக் கிடந்து போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். திருச்சி விமானம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது தூரத்தை அல்ல, ஒரு முழு ராத்திரியை. மற்ற ஊர்களையும் பார்த்து வைத்தேன். கோலாலம்பூர் 2,690 கி.மீ. கொழும்பு 420 கி.மீ. தான், பறந்தால் ஒரு மணி நேரம். கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் போனால் மொத்தம் 3,170 கி.மீ. அதிகமாவது 190 கி.மீ. மட்டும், கால் மணி நேரப் பறப்பு. ஆனால் நடுவில் இறங்கி ஏறக் காத்திருக்கிற நேரம் அதை எங்கேயோ கொண்டுபோய்விடும். டிக்கெட் விலை மட்டும் பார்த்து வழியில் மாறிப் போகிற விமானம் எடுக்கிறவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை உலுக்கியது. உருண்டையில் நம் மாவட்டம் புள்ளியாகக்கூடத் தெரியாது. அதனால் அதே நேர்கோட்டைப் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திருச்சியில் கிளம்பும் கோடு ஒரத்தநாட்டுப் பக்கம் வருகிறது. மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே, மதுக்கூருக்குக் கொஞ்சம் வடக்கே போகிறது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, எங்கள் வயல்காட்டைத் தாண்டி, வேதாரண்யத்தில் நேராகக் கடலில் இறங்குகிறது.

அதாவது சிங்கப்பூர் போகிற வழியே எங்கள் ஊர்தான். எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கிற சிங்கப்பூருக்குப் போக, நாங்கள் 120 கி.மீ. மேற்கே போய், ஏறி, திரும்ப எங்கள் தலைக்கு மேலேயே பறந்து வர வேண்டியிருக்கிறது. தாத்தா வீட்டு வாசலில் இறங்கியதிலிருந்து கிழக்கு நோக்கியே போனார். நாங்கள் முதலில் பின்னால் போகிறோம்.

பெரியப்பாவிடம் கோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்து, "இது நம்ம கொல்லைக்கு மேலயா போவுது?" என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

நேர்கோட்டிலேயே விமானம் போய்விடாது என்பதையும் சொல்ல வேண்டும். வானத்திலும் வகுத்த பாதைகள் உண்டு, திரும்புகிற புள்ளிகள் உண்டு. மேகம் பார்த்து ஒதுங்குவார்கள். அதனால் நடப்பில் பறக்கிற தூரம் நேர்கோட்டைவிடக் கொஞ்சம் கூடும். டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரமும் வானத்தில் இருக்கிற நேரம் அல்ல. இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகர்கிற நிமிஷத்திலிருந்து அங்கே நிறுத்துமிடத்தில் நிற்கிற நிமிஷம் வரைக்கும் உள்ள கணக்கு அது.

மூட்டை கட்டியாகிவிட்டது. பெரியம்மா மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ, பிரசவித்த பெண்ணுக்கு என்று இடித்த மருந்துப் பொடி என எல்லாவற்றையும் மூன்று உறை போட்டுக் கட்டியிருக்கிறார். பெரியம்மா வரவில்லை. மாடு இருக்கிறது.

வியாழன், சாலையிலும் வானத்திலும்

விமானம் காலை 11:30. மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும் என்பதால் 8:30 கணக்கு. காலை 5 மணிக்குக் கார் கிளம்பியது.

மன்னார்குடி வரை ஆடிக் காற்று கண்ணாடியில் மோதிக்கொண்டே வந்தது. பாமணியாற்றில் தண்ணீர் ஓடுகிறது. வடுவூர் ஏரி தாண்டியதும் இரண்டு பக்கமும் குறுவைப் பயிர் பச்சைப் பசேல் என்று நின்றது. இந்த வழியில் வந்தால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தவிர்க்கலாம். திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் வருகிறவர்களுக்கு அது தப்பாது. சரக்கு ரயில் இன்ஜின் மாற்றுகிற நேரத்தில் அகப்பட்டால் விமான நிலையம் போகிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு மணி நேரம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் சேரும்போது மணி 6:35. அறுபத்தைந்து கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஊருக்கு ஊர் வேகத்தடை, ரோட்டோரம் கட்டிய மாடு, குறுகலான பாலம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியில் சுகோய் படைப்பிரிவு ஒன்றை அங்கே நிறுத்தினார்கள். நம்மை ஏற்றிப்போகிற விமானம் அங்கே இல்லை. காபி குடித்துவிட்டு நாலு வழிச் சாலையில் ஏறிய பிறகு கார் ஓட ஆரம்பித்தது. ஆனால் துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் மறுபடி ஊர்ந்தோம். விமான நிலைய வாசலில் இறங்கும்போது 8:15. மொத்தம் மூன்றே கால் மணி நேரம், 120 கி.மீ.

விமான வேகத்தில் இந்த 120 கி.மீ. ஒன்பது நிமிஷம்.

புது முனையம் பெரியப்பாவை வாயடைக்க வைத்துவிட்டது. 2024 ஜனவரி 2-ல் திறப்பு விழா நடந்து, ஜூன் மாதத்திலிருந்து பயன்பாட்டுக்கு வந்த கட்டடம். ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவு. சுவரெல்லாம் கோயில் கோபுர வண்ணம். திருச்சியில் உள்நாட்டுக்குள் பறக்கிறவர்களைவிட வெளிநாடு போய்வருகிறவர்கள்தான் அதிகம். வரிசையில் நின்றவர்களைக் கேட்டாலே தெரியும். எங்களுக்கு முன்னால் நின்றவர் பாபநாசம், பின்னால் வலங்கைமான், அதற்கும் பின்னால் பேராவூரணி. கட்டுமான வேலைக்குப் போகிற பையன்கள், பேரனைப் பார்க்கப் போகிற பாட்டிகள். டெல்டாவின் துறைமுகம் இன்றைக்கு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெட்டி போட, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. சிங்கப்பூர் வருகை அட்டையை மூன்று நாளுக்கு முன்னாலிருந்து இணையத்திலேயே நிரப்பிவிடலாம். அதை நிரப்பாமல் வந்த ஒரு அம்மா போனை வைத்துக்கொண்டு தவித்தார். பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் வாங்கி நிரப்பிக் கொடுத்தார். பெரியவர்களைத் தனியாக அனுப்புகிற பிள்ளைகள் இதை வீட்டிலேயே செய்து அனுப்புங்கள்.

11:40-க்கு விமானம் நகர்ந்தது. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். எதிர்க்காற்றில்தான் விமானம் எழும்பும். ஆடி மாதத்தில் கீழே வீசுவது மேல்காற்று. ஆகவே மேற்கே பார்த்து ஓடி, மேற்கேயே எழும்பியது. காலையிலிருந்து மேற்கே வந்த எங்களை இன்னும் கொஞ்சம் மேற்கே கொண்டுபோனது. பிறகு வலது பக்கம் சாய்ந்து வட்டமடித்தது. ஜன்னல் பெரியப்பாவுக்கு. மலைக்கோட்டை, காவிரி, கொள்ளிடம், நடுவே ஸ்ரீரங்கம், தள்ளிக் கல்லணை எல்லாம் ஒரே பார்வையில் வந்தன. "கல்லணை, கல்லணை" என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். எழுபது வருஷமாக அவர் வயலுக்குத் தண்ணீர் பிரிந்து வருகிற இடம்.

போனை விமான முறையில் போட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், ஜன்னலோரம் பிடித்தால் போதும். வரைபடத்தை ஊரிலேயே இறக்கி வைத்திருந்தேன். நீலப் புள்ளி ஒரத்தநாட்டைத் தாண்டியது, மதுக்கூர் வந்தது. ஜன்னலில் மேகத்துண்டுகளுக்கு இடையே வயல்கள் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் கருத்த பச்சையாக ஒரு பரப்பு, அதன் நடுவே பளபளவென்று தண்ணீர். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. "பெரியப்பா, இப்ப நம்ம ஊரு. நமக்கு இடது பக்கம், கொஞ்சம் தள்ளி" என்றேன். அப்போது மணி 12:05. காலை 5 மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய வீடு. ஏழு மணி நேரம் கழித்து அதே வீட்டுப் பக்கத்தில், வானத்தில் இருக்கிறோம். அவர் இடது பக்கம் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

உடனே வேதாரண்யம் உப்பளங்கள் வெள்ளைக் கட்டங்களாக வந்தன. அடுத்து கோடியக்கரை. வடக்கிலிருந்து தெற்காக வருகிற கரை சட்டென்று மேற்கே மடங்குவதைப் பள்ளிக்கூட வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது. நிலம் முடிந்தது. திருச்சியிலிருந்து இந்த இடத்துக்கு 135 கி.மீ. இதிலிருந்து சுமத்திரா வரை சுமார் 1,800 கி.மீ. கடல்.

விமானி 35,000 அடி உயரத்தில் பறப்பதாகவும், மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும் என்றும் அறிவித்தார். நான் வேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். 780-க்கும் 800-க்கும் நடுவில்தான் நின்றது. இந்த வகை விமானம் காற்றில்லாத நாளில் மணிக்கு 830 கி.மீ. அளவுக்குப் போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம், அது தரையில் அடிக்கிற மேல்காற்று. பத்து கிலோமீட்டருக்கு மேலே போனால் இதே மாதங்களில் காற்று தலைகீழாகக் கிழக்கேயிருந்து மேற்கே அடிக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே ஓடும் கீழைத் தாரைக்காற்று என்று இதைச் சொல்கிறார்கள். இதை விளக்கிச் சொன்னவர்களில் முக்கியமானவர் கோடேஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அது எதிர்க்காற்று. கீழே ஒரு காற்று எங்களை மேற்கே எழும்ப வைத்தது, மேலே இன்னொரு காற்று கிழக்கே போகவிடாமல் பிடிக்கிறது. இரண்டும் ஒரே பருவமழையின் இரண்டு கைகள் என்று நினைக்கும்போது, குறுவைக்கு மேட்டூர் திறக்கிற கணக்கும் எங்கள் விமான நேரமும் ஒரே இடத்தில் வந்து முட்டுகிற மாதிரி இருந்தது.

இரண்டரை மணி நேரம் வெறும் கடலும் மேகமும். பெரியப்பா தூங்கவில்லை. பிறகு மலை, காடு. சுமத்திராவின் வட முனையான ஆச்சே பகுதி. அப்புறம் மேடான் நகரம் பக்கம். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வருகிற இலாமுரிதேசம் இந்த வட முனை என்றும், பண்ணை என்பது இந்தக் கிழக்குக் கரையில் இருந்த ஊர் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கப்பல் இந்த முனையைச் சுற்றிக்கொண்டுதான் மலாக்கா நீரிணைக்குள் வர முடியும். நாங்கள் மலைக்கு மேலேயே குறுக்கே போனோம்.

இறங்கும்போது கீழே கடலில் கப்பல்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. நங்கூரம் போட்டு நிற்கிறவை, வரிசையாகப் போகிறவை. பெரியப்பா எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டார். "எங்கப்பா இதுலதான் எங்கியோ எறங்குனாரு" என்றார். அப்போதெல்லாம் கீழ்த்தளத்தில் வருகிறவர்களை நேராக ஊருக்குள் விட மாட்டார்கள், செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்ச் சோதனைக்கு நிறுத்தி வைப்பார்கள். தாத்தா அங்கே இருந்த கதையை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சக்கரம் தரையைத் தொட்டபோது அவர் என் கையைப் பிடித்திருந்தார்.

வெள்ளி, சிங்கப்பூர்

நேற்று இறங்கியது உள்ளூர் நேரம் மாலை 6:05. குடியேற்றச் சோதனையில் தமிழில் அறிவிப்புப் பலகை. பெட்டி வந்து சேர்ந்து வெளியே வர 7 மணி. தம்பி வீடு ஜூரோங்கில், தீவின் மேற்குப் பக்கம். சாங்கி கிழக்கு ஓரம். டாக்சியில் நாற்பது நிமிஷம். கதவைத் திறக்கும்போது 7:55, ஊரில் மாலை 5:25. வாசலிலிருந்து வாசல் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம். அதில் வானத்தில் இருந்தது மூன்றே முக்கால்.

மேற்கே போகிற அதிர்ஷ்டம் இங்கேயும் விடவில்லை என்று தம்பி சொன்னான். ஆனால் நாற்பது கிலோமீட்டரை நாற்பது நிமிஷத்தில் கடந்தோம். எங்கள் ஊர்ச் சாலையில் அந்தத் தூரம் ஒரு மணி நேரம்.

விமான நிலையத்தைவிட்டு வெளியே வரும்போது மணி ஏழாகியும் வெயில் இருந்தது. "ஏழு மணிக்கு இருட்ட வேணாமா? கடிகாரத்த தப்பா வச்சுட்டியா?" என்றார் பெரியப்பா. தப்பில்லை. பூமி ஒரு டிகிரி சுழல நாலு நிமிஷம். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் 25 டிகிரி இடைவெளி, ஆக சூரியக் கணக்கில் 101 நிமிஷம்தான் வித்தியாசம். கடிகாரமோ 150 நிமிஷம் காட்டுகிறது. மீதி 49 நிமிஷம் அரசாங்கங்கள் வைத்தது. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1-ல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிக்கொண்டது. மலேசியா இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரம் கொண்டுவந்தபோது கூடவே மாறியது. அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் இங்கே விடிவதும் ஏழு, அடைவதும் ஏழு.

டிக்கெட்டைப் பார்த்து "11:30-க்குக் கிளம்பி 6 மணிக்குப் போகுது, ஆறரை மணி நேரமா?" என்று ஊரில் கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். போகும்போது இரண்டரையைக் கழிக்க வேண்டும், வரும்போது கூட்ட வேண்டும்.

குழந்தை நன்றாக இருக்கிறது. காலையில் பெரியப்பா தேக்கா பக்கம் போய் வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். மற்றதெல்லாம் குடும்ப விஷயம், இங்கே வேண்டாம்.

ஞாயிறு, மறுபடி ஊர்

பெரியப்பா இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுத் தம்பியோடு வருவார். எனக்கு லீவு இல்லை, திரும்பிவிட்டேன்.

விமானம் அங்கே காலை 7:30. ஜூரோங்கில் கிளம்பியது அதிகாலை 4:15, நம் நேரம் 1:45. இந்தத் தடவை மேல்வானக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. போனில் வேகம் 870 வரை காட்டியது. போனதைவிடக் கால் மணி நேரம் சீக்கிரமாகவே வந்துவிட்டோம். கோடியக்கரையைக் காலை வெயிலில் பார்த்தேன். உப்பளத்தில் ஆள் நடமாட்டம் தெரிகிற உயரத்தில் பறக்கவில்லை என்றாலும், கட்டங்கள் தெளிவாக இருந்தன. திருச்சியில் இறங்கும்போது 8:50. வெளியே வந்து, பஸ் மாறி மாறி, வீடு வந்து சேர 1:40.

யோசித்துப் பாருங்கள். கோடியக்கரையிலிருந்து திருச்சி ஓடுபாதைக்கு விமானம் எடுத்தது இருபது நிமிஷத்துக்குள். அதே தூரம் திரும்பிப் போக எனக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். நாகப்பட்டினத்தில் விமான நிலையம் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. நஞ்சை நிலத்தில் ஓடுபாதை போடுவதை நானே எதிர்ப்பேன். கேட்பது வேறு. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி வரை அகல ரயில் பாதை 2023 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது. வேதாரண்யத்துக்காரர் பெட்டியோடு ஏறி, எங்கேயும் மாறாமல், விமான நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி திருச்சியில் இறங்க ஒரு ரயில் வேண்டும். ஸ்டேஷனிலிருந்து விமான நிலையம் பக்கம்தான். தஞ்சாவூரிலிருந்து நாகை வரைக்கும் சாலை அகலமாக வேண்டும். வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து இந்த மாவட்டங்களுக்கு வருகிற பணத்தில்தான் பாதி வீடுகள் எழும்பியிருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் வந்துபோகிற வழியைச் சரி செய்து கொடுப்பது கடமை.

அதுவரை கணக்கு இப்படித்தான் போட வேண்டும். விமான நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் விமான நிலையத்துக்கு, மூன்றரை மணி சாலைக்கு. வேதாரண்யம், கோடியக்கரை என்றால் இன்னும் ஒரு மணி. மழைக்காலத்தில் அதற்கு மேலும் அரை மணி. பின்னிரவு 1 மணி விமானத்துக்கு முந்தின நாள் மாலை 6 மணிக்கே கிளம்பிவிட வேண்டும். டிக்கெட்டில் தேதி மாறி இருக்கும், அதைக் கவனிக்காமல் ஒரு நாள் தள்ளிப் போய் நின்றவர்கள் உண்டு. வயதானவர்களை அழைத்துப் போவதாக இருந்தால், விலை கொஞ்சம் கூட இருந்தாலும், பகல் விமானமே எடுங்கள். போகும்போது ஜன்னல் இருக்கையை வலது பக்கம் கேட்டு வாங்குங்கள். முத்துப்பேட்டையும் கோடியக்கரையும் அந்தப் பக்கம்தான்.